ஆயில் குறையாத கார்

ஷின்தாகு நோரிஃபுமிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் வருத்தப்பட வேண்டாம். அவனுக்குச் சமைக்கத் தெரியாது. மனிதர்களிடம் பேசத் தெரியாது. பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று இருபது வருடமாக ஆரூடம் சொல்கிறான், ஒன்றுகூடப் பலித்ததில்லை. ஆனால் ரோட்டரி எஞ்சின் வைத்த காருக்கு எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று கேட்பதற்கு ஒகாயாமாவிலிருந்தும் யாமாகுச்சியிலிருந்தும் ஆட்கள் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டிக்கொண்டு வந்து அவன் வாசலில் நிற்பார்கள்.

நான் அவனுக்குப் பக்கத்துக் கடை. பெயர் முகாய், டயர் விற்கிறேன். கைதா ஊரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் கார் சம்பந்தமான கடை என்றால் எங்கள் இரண்டும்தான். நடுவில் ஒரு தகரச் சுவர். அவன் இருமினால் எனக்குக் கேட்கும், நான் கொட்டாவி விட்டால் அவனுக்குக் கேட்கும். என்னைக் கேட்டால் கார் என்பது நாலு டயர், மற்றதெல்லாம் சோடனை. அவன் டயரைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை இங்கே எழுத முடியாது. எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் மதியம் சூடான இரும்புத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, முட்டைக்கோஸும் நூடுல்ஸும் அடுக்கின ஒகோனோமியாகி அடையைக் கரண்டியால் வெட்டித் தின்றபடி இந்தச் சண்டையைத்தான் இருபத்திரண்டு வருடமாகப் போட்டு வருகிறோம்.

ரோட்டரி எஞ்சினைப் பற்றி இரண்டு வரி சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. முக்கோணமான ஒரு இரும்புத் துண்டு உள்ளே சுற்றும். பொட்டலச் சாப்பாட்டில் வரும் சோற்று உருண்டையையும் முக்கோணமாகத்தான் பிடிப்பார்கள் என்பதால் எங்கள் ஊரில் அதற்குச் சோற்று உருண்டை என்றே பெயர். அதன் மூன்று முனையிலும் காற்று கசியாமல் அடைக்கிற மெல்லிய சீல் இருக்கும். சுவரை உரசிக்கொண்டே ஓடும் அந்தச் சீல் காய்ந்துபோகக் கூடாது. அதற்காக எஞ்சின் தன்னுடைய ஆயிலிலேயே கொஞ்சத்தை எடுத்து, ஒரு சின்ன பம்ப் வழியாக உள்ளே சொட்டவிட்டு, பெட்ரோலோடு சேர்த்து எரித்துவிடும். ஆகவே மற்ற காரில் ஆயில் குறைந்தால் கோளாறு. இந்தக் காரில் ஆயில் குறையாவிட்டால்தான் கோளாறு.

எரித்துவிடப் போகிற ஆயில் என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பது ஒரு தலைவலி. எந்தச் சூட்டையும் தாங்கும் என்று டின்னில் தங்க எழுத்தில் போட்டு விற்கிற விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலை ஊற்றினால், அது உள்ளேயும் தாங்கிக்கொண்டு நிற்கும், சுத்தமாக எரியாது, கரி கட்டும் என்பது ஷின்தாகுவின் கட்சி. அது பழைய காலத்துப் பேச்சு என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி யாராவது அவன் கடையில் வந்து சொன்னால், கேஸ் அடுப்பில் ஒரு தகட்டைச் சூடாக்கி, இரண்டு ஆயிலிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, புகை அடங்கிய பிறகு தகட்டை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவான். வாதம் அத்தோடு சரி. தகடு ஆறும் வரை காத்திருக்க மாட்டான் என்பதால் பலர் நாலடி பின்னால் போய் நிற்பார்கள்.

பதினெட்டு வயதில் கம்பெனியில் சேர்ந்தவன். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான், இந்த ரோட்டரி காரைச் செய்கிற கம்பெனி. எஞ்சின் கூடத்தில் சோற்று உருண்டைக்குச் சீல் பொருத்துகிற வேலை. முப்பத்தைந்தில் வெளியே வந்து, சிப்பி உடைக்கிற கொட்டகையாக இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து இந்தப் பட்டறையைப் போட்டான். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. ஏழு மாதம் ஓடியது. அந்தப் பெண் போகும்போது அழவும் இல்லை, திட்டவும் இல்லை, கதவைக்கூடச் சாத்தவில்லை. இவன்தான் எழுந்து போய்ச் சாத்தினானாம். இதை அவனே ஒரு தடவை என்னிடம் சொன்னான், மறு தடவை சொல்லவில்லை.

அவனுடைய வேலை முறை இது. கார் வந்ததும் ஓட்டுகிறவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பான். வேலைக்கு எத்தனை கிலோமீட்டர், எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிற பழக்கம் உண்டா, மேட்டுப்பாதை எவ்வளவு, மாதத்தில் ஒரு நாளாவது முழு வேகத்தில் விரட்டுவது உண்டா. பதிலைக் கேட்டுக்கொள்வான், நம்ப மாட்டான். பிறகு காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருந்து, ஆயில் அளவு காட்டுகிற குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பான். மூன்று தடவை. அந்தக் குச்சியில் இரண்டு கோடு உண்டு. மேல்கோடு நிறைவு, கீழ்க்கோடு குறைவு. அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் எங்கே நிற்கிறது, என்ன நிறம், என்ன வாசனை என்பதை வைத்துத்தான் எந்த ஆயில் என்று முடிவு செய்வான். ஆட்கள் பொய் சொல்லலாம், குச்சி பொய் சொல்லாது என்பது அவன் நம்பிக்கை. அதில் நான் தலையிட்டதே இல்லை.

தெராகாவா மிட்சுயே முதல் தடவை வந்தது பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு வசந்தத்தில். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. அப்போது நாற்பத்தொரு வயது. அக்காவோடு வசிக்கிறாள். சொந்தச் சேமிப்பில் வாங்கின வெள்ளை நிற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அக்காவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய காரை ஒற்றைப் பெண்பிள்ளை எதற்கு வாங்க வேண்டும் என்பது அவள் கேள்வி. மிட்சுயே அதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள், அதுதான் அவளுடைய வாரம்.

அன்றைக்கு ஷின்தாகு குச்சியை உருவிப் பார்த்தான். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. தகரச் சுவரைத் தாண்டி என் கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

“இவ்வளவு குறைய விட்டிருக்கீங்களே! காய்ஞ்ச சட்டியை அடுப்புல வைப்பீங்களா? நீங்க சமையல்காரங்கதானே?”

அவள் மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மூன்றும் எனக்குக் கேட்டது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே ஆயிலைத் தேர்ந்தெடுத்து ஊற்றினான். மினரல், பத்து-முப்பது. பெட்ரோல் பங்கில் டெலிவரி வேன்களுக்கு ஊற்றுகிற சாதாரண ஆயில். ஐந்து மாதம் கழித்து மாற்ற வேண்டும், நடுவில் குறைந்தால் வந்து ஊற்றிக்கொண்டு போகலாம் என்று சொல்லி அனுப்பினான்.

ஐந்து மாதம் கழித்து அவள் வந்தாள். குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கடுத்த ஐந்து மாதத்திலும் அப்படியே. அதற்கடுத்த தடவையும் மேல்கோடு, ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டிருந்தது. அவள் வருகிற சனிக்கிழமைகளில் ஷின்தாகு ஆரஞ்சு வாசனை சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தான். காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலிக்கு மெத்தை வாங்கிப் போட்டான். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்த மெத்தையை எடுத்து உள்ளே வைத்துவிடுவான், அது வேறு. அவள் சின்ன டப்பாவில் சோயாவும் சர்க்கரையும் போட்டு வதக்கின தாமரைத் தண்டு கொண்டுவருவாள். “வழக்கம்போல, முதலாளி” என்று சாவியைக் கொடுத்துவிட்டு உட்காருவாள். நாற்பது நிமிட வேலையை அவன் இரண்டு மணி நேரம் செய்வான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் பேசுவது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும், அதில் ஆறு மழையைப் பற்றி. இந்தத் தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவனுக்குத் தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் குச்சி அவனைத் தூங்கவிடவில்லை. ரோட்டரி எஞ்சின் ஆயில் குடிக்காமல் இருக்கக் கூடாது. குடிக்கவில்லை என்றால் பம்ப் சொட்டவிடவில்லை, சீல் காய்கிறது. பம்பைக் கழற்றிப் பார்த்தான். ஒழுங்காகச் சொட்டியது. கண்ணால் பார்த்ததை நம்பியிருக்க வேண்டும். அவன் குச்சியை நம்பினான். இங்கே சொட்டுகிறது, ரோட்டில் போகும்போது நின்றுவிடுகிறது என்று முடிவு கட்டினான். பம்ப் சுலபமாகத் தள்ளட்டும் என்று இன்னும் மெல்லிய ஆயிலுக்கு மாற்றினான். குறையவில்லை. வேறொன்று. குறையவில்லை. கடைசியில் புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோலில் கலக்கிற டூ-டி ஆயிலை ஒரு பாட்டிலில் ஊற்றி, அளவுக் கிண்ணம் ஒன்றையும் கொடுத்து, ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் இதில் ஒரு கிண்ணம் டேங்க்கில் ஊற்றுங்கள் என்றான். அவள் டாக்டர் சொன்ன மருந்து மாதிரி ஊற்றினாள். அடுத்த வருடம் ஒன்றரைக் கிண்ணம், அதற்கடுத்து இரண்டு.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். சொல்லாமல் விடவும் முடியும், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை காபி வாங்குவதற்காக ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தேன். கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், ஓரமாக, அந்த வெள்ளை கார். பானெட் திறந்திருந்தது. மட்கார்டு மேல் செய்தித்தாள் விரித்து, சமையலறைக் கையுறை போட்டுக்கொண்டு, தெராகாவா மிட்சுயே புனல் வைத்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டின்னில் தங்க எழுத்து. ஒரு வாய் ஊற்றுவாள், குச்சியை உருவி வெளிச்சத்தில் பார்ப்பாள், இன்னும் ஒரு வாய். மேல்கோடு தொட்டதும் எல்லாவற்றையும் துடைத்து, செய்தித்தாளை மடித்து, டின்னைப் பைக்குள் பை போட்டு மறைத்து வைத்தாள். அங்கிருந்து ஷின்தாகு பட்டறை முந்நூறு மீட்டர். இருபது நிமிடம் கழித்து, அவள் ஊற்றின புது ஆயிலையும் சேர்த்து அவன் அடியில் தட்டு வைத்து வடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் வருகிறான் என்றால் முந்தின நாளே என் மனைவி குனிந்து அந்தச் சாக்கடையைத் தேய்த்துக் கழுவி வைப்பாள். வருகிற ஆள் அசிங்கமாக நினைத்துவிடக் கூடாதாம். நானே பல் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பத்து நிமிடம் பல் தேய்ப்பேன். எங்கள் ஜனம் அப்படித்தான். இவளும் அந்த ரகம் என்று புரிந்தது. ஒருவர் மறைத்து வைத்ததைப் பார்த்துவிட்டால் பார்க்காத மாதிரி போய்விட வேண்டும், அதுவும் எங்கள் ஜனத்தின் வழக்கம்தான். நமக்கென்ன வந்தது என்று காபியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு இன்னும் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அப்படியே வந்துவிட்டேன். அவள் ஊற்றுவதனால் இவன் குச்சி பொய் சொல்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. டயர்க்காரன்தானே.

இந்த செப்டம்பரில் அந்தக் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்தால் திரும்பக் கிளம்பாது. சூப்பர் மார்க்கெட் வாசலில் டோஃபுவை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாளாம். ஷின்தாகு கம்ப்ரஷன் பார்த்தான், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று. எஞ்சினுக்குள் இரண்டு சோற்று உருண்டை, ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம், ஆக ஆறு எண். ஆறு எண்ணும் ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். கீழே போனால் சீல் பிடிக்கவில்லை என்று அர்த்தம், எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். அவன் அட்டையில் எழுதினவற்றில் நாலு எண் ஆறுக்குக் கீழே. எஞ்சினைப் பிரிப்பது என்பது அவளுடைய நிலைமைக்கு நடக்காத காரியம்.

அக்டோபர் கடைசியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வரும் வாகனப் பரிசோதனை. அதற்குள் எஞ்சின் தேறவில்லை என்றால் காரைக் கொடுத்துவிடுவதாக அவள் வந்து சொன்னாள். அக்கா மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட குட்டிக் கார் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டாளாம், நாலு பேர் உட்காரலாமாம். அந்தக் குட்டிக் காருக்கு ஷின்தாகு தேவையில்லை, எந்தப் பங்கிலும் ஆயில் மாற்றிக்கொள்ளலாம். பதினோரு வருடம் நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று குனிந்தாள். காரை விட்டுவிட்டு ரயிலில் போனாள். மழையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. அவன் ஆயில் பீப்பாயின் மேல் உட்கார்ந்து அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தான், திறக்கவில்லை.

மறுநாள் மதியம் எதிர்க்கடையில் அவன் முன்னால் இரும்புத் தட்டில் ஒகோனோமியாகி கருகிக்கொண்டிருந்தது. டூ-டி ஆயிலை மூன்று கிண்ணமாக ஏற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னான். இனி அதுதான் பாக்கி. கரண்டியைத் தட்டில் ஊன்றியபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான்.

“பதினோரு வருஷமா அந்த வண்டி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. அதுக்குப் பிடிச்ச ஆயிலை என்னால கண்டுபிடிக்க முடியல. அவ்வளவுதான்யா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் தெரியல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் இருந்த நூடுல்ஸ் அப்படியே நின்றுவிட்டது. சொன்னால் ஒரு பெண் மறைத்து வைத்ததை நடுக்கடையில் அவிழ்த்துப் போடுகிறேன். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் வெள்ளை கார் போய்விடும், சனிக்கிழமையும் போய்விடும், இவன் மெத்தையை என்ன செய்வான் என்று தெரியாது.

“குடிச்சுதுய்யா,” என்றேன். “வண்டி நல்லாத்தான் குடிச்சுது. அவங்க உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஊத்தி ஊத்தி மேல்கோட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. நான் பார்த்தேன்.”

அவன் என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஆயில்?”

தங்க எழுத்து டின் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது அவனுக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. பம்ப் தன் பங்குக்குச் சரியாகச் சொட்டியிருக்கிறது. அதற்கு மேல் இவன் டேங்க்கில் ஊற்றச் சொன்ன இரண்டு கிண்ணம். அதற்கும் மேல் எரிய மறுக்கிற அந்தத் தங்க டின். சீல் காயவில்லை, கரியில் புதைந்து கிடக்கிறது. கொன்றது இவன் வைத்தியம்.

“ஏன்யா அப்படிப் பண்ணாங்க?” என்றான் பிறகு. “காய்ஞ்ச சட்டி,” என்றேன். புரியவில்லை. நீ முதல் நாள் கத்தினாயே, சமையல்காரிதானே என்று கேட்டாயே என்று எடுத்துச் சொன்னேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. நான் அப்படியா சொன்னேன், நான் அப்படியா சொன்னேன் என்று இரண்டு தடவை கேட்டான். கடைக்கார அம்மாள்கூட, ஆமாம், தெருவுக்கே கேட்டது என்றாள்.

அன்றைக்கு மாலையே வேலையை ஆரம்பித்தான். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கரி கரைக்கிற திரவத்தை உள்ளே ஊற்றி, ஊறவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கையால் சுற்றி, கருப்பாக வந்ததை வடித்து, மறுபடி ஊற்றினான். நாலாவது நாள் எஞ்சினைக் கிளப்பினபோது வெள்ளைப் புகை கேட்டைத் தாண்டிப் போனது. என்னிடம் டயர் மாற்ற வந்த ஒருவர் தீப்பிடித்துவிட்டதென்று போன் போடப் போய்விட்டார். பிறகு அவன் காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், முள் சிவப்பைத் தொடுகிற வரைக்கும் விரட்டி, மியோஷி ஊர் வரை போய்த் திரும்பினான். கம்ப்ரஷன் பார்த்தான். ஆறு எண்ணும் ஆறுக்கு மேல். இரண்டு ஏழைத் தாண்டியிருந்தது.

ஆயிலைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு காலை முழுக்க எடுத்துக்கொண்டான். அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் எடுத்தது மினரல், பத்து-முப்பது. பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் நாள் ஊற்றினானே, அதே டெலிவரி வேன் ஆயில். அளவுக் கிண்ணத்தையும் டூ-டி பாட்டிலையும் காரிலிருந்து எடுத்துக் கழுவி உள்ளே வைத்தான்.

எஞ்சின் தேறியதில் பாதி வேலைதான் முடிந்தது. அவள் அந்தத் தங்க டின்னை நிறுத்தாவிட்டால் இரண்டு வருடத்தில் மறுபடி இதே கதை. அவளிடம் சொல்லியாக வேண்டும், அவள் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். மூன்று நாளாகத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒத்திகை பார்த்தான். ஒன்றில் வானிலையிலிருந்து ஆரம்பித்தான், ஒன்றில் ஐரோப்பாவில் இந்த எஞ்சின் எப்படி உருவானது என்பதிலிருந்து. விளங்கினாற்போலத்தான் என்று இந்தப் பக்கத்திலிருந்து நான் சொன்னேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அவள் ரயிலில் வந்தாள். டப்பா இருந்தது. அவன் அட்டையைக் காட்டினான், பழைய ஆறு எண், பக்கத்தில் புது ஆறு எண். அவள் வெகுநேரம் பார்த்தாள். எது சரியான ஆயில் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவன் ஐரோப்பாவிலிருந்து ஆரம்பித்தான். ஒன்றரை வாக்கியத்தில் நின்றுவிட்டது. நான் இந்தப் பக்கம் ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றேன். சுவரில் ஆணி விட்டுப்போன ஓட்டை ஒன்று உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அவன் குனிந்தான். நாங்கள் மன்னிப்புக் கேட்கும்போது குனிகிற மாதிரி, இடுப்பு வரைக்கும்.

“முதல் நாள் காய்ஞ்ச சட்டின்னு சொல்லி உங்ககிட்ட கத்தினேன். அந்த வண்டி குடிக்கிறதுதான் சரி. குறையறதுதான் அதோட ஆரோக்கியம். நான் கத்தினதுதான் தப்பு.”

அவள் காது இரண்டும் சிவந்துவிட்டது. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “தெரிஞ்சுபோச்சா, முதலாளி?” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “உங்ககிட்ட குறைவாக் கொண்டுவர வெட்கமா இருந்துது. வெறுங்கையோட ஒருத்தர் வீட்டுக்குப் போற மாதிரி. இருக்கிறதுலயே விலை கூடினதைத்தான் வாங்கி ஊத்தினேன்.”

“இனிமே குறையோடயே வாங்க,” என்றான் அவன். “குறையில்லாம வந்தீங்கன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடுது.”

பிறகு எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை ஊற்றுவீர்கள் என்று கேட்டான். தொழில் கேள்விதான். அவள் மாதம் ஒரு தடவை என்றாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

கார் பரிசோதனையில் தேறியது. அந்த மஞ்சள் நம்பர் பிளேட் குட்டிக் காரை அக்காவே வாங்கிக்கொண்டாள் என்று கேள்வி.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை வெள்ளை கார் வந்து நின்றது. ஷின்தாகு குச்சியை உருவிக் காகிதத்தில் வைத்தான். ஆயில் கீழ்க்கோட்டில் நின்றது. என்னைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு அதைக் காட்டினான். மேல்கோடு வரை ஊற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அவன் ஒரு மணி நேரம் ஊற்றினான். சிப்பி சீசன் ஆரம்பித்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள், எண்ணிப் பார்த்தேன், பத்து வாக்கியத்துக்கு மேல் போயிற்று. டிசம்பரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

கார் கேட்டைத் தாண்டினதும் அவன் என் கடைக்குள் வந்து ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

“நான் அன்னிக்குக் கத்தாம இருந்திருந்தா, ஆயில் ஊத்திக்க மாசம் ஒரு தடவை வந்திருப்பாங்க, முகாய்,” என்றான். “அஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாங்களே, அது மாசம் ஒரு தடவையா இருந்திருக்கும். பதினோரு வருஷம்.”

நான் காற்றழுத்தக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

“நீ முதல்ல எப்போ பார்த்தே?”

போன மாசம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “ஆறு வருஷம் இருக்கும்,” என்றேன்.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இருபத்திரண்டு வருடமாகத் திட்டித் திட்டித்தானே பழக்கம். டப்பாவைத் திறந்தான். தாமரைத் தண்டு, வழக்கம்போல. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டப்பாவை என் பக்கம் தள்ளினான். நானும் ஒரு துண்டு எடுத்தேன். அதை மென்றபடி, ஆறு வருடத்தில் எத்தனை சனிக்கிழமை போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.